வாயசைப்பு

பிப்ரவரி 3, திங்கள்

பாடப்புத்தகக் கம்பெனிக்காரன் ஜனவரியில் கொடுத்த டைரி. முதல் பக்கத்தில் பெயர், பதவி, அலுவலகம் எல்லாம் கேட்கிறான். பாண்டீஸ்வரி. உதவிப் பேராசிரியர். ஸ்ரீவைரம் பொறியியல் கல்லூரி, அருப்புக்கோட்டையிலிருந்து பதினோரு கிலோமீட்டர், கருவேலங்காட்டுக்கு நடுவில். துறை: செயற்கை நுண்ணறிவு மற்றும் தரவு அறிவியல். இதை எழுதும்போதே சிரிப்பு வருகிறது. இரண்டு வருடம் முன்புவரை கணினி அறிவியல் என்று இருந்தது. ஒரு பெயின்டர் வந்து போர்டை மாற்றினார். அவ்வளவுதான் மாறியது.

இன்று அறுபத்திரண்டு ரெக்கார்டு நோட்டுகளில் கையெழுத்துப் போட்டேன். வலது பக்கம் புரோகிராம், இடது பக்கம் பென்சிலால் கம்ப்யூட்டர் திரை. ஆமாம், திரையை வரைகிறார்கள். ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு, அதற்குள் விடையை எழுதி, ‘அவுட்புட்’ என்று அடிக்கோடு போடுகிறார்கள். ஒருவன் மானிட்டருக்குக் கீழே இருக்கும் பொத்தானைக்கூட வரைந்து நிழல் தீட்டியிருந்தான். அவனுக்குப் பத்துக்குப் பத்து போட்டேன். அந்த லேபில் இந்த வருடம் யாராவது உழைத்தார்கள் என்றால் அவன்தான்.

ஏழாவது புரோகிராமில் ஒரு தப்பு இருக்கிறது. கம்ப்யூட்டரில் போட்டால் ஓடவே ஓடாது. நான் சேர்ந்த வருடமே திருத்தினேன். அடுத்த வருடப் பிள்ளைகள் சீனியர் நோட்டைப் பார்த்து எழுதினார்கள், தப்பு திரும்பி வந்துவிட்டது. இன்று அறுபத்திரண்டு நோட்டிலும் அதே தப்பு. அறுபத்திரண்டிலும் சரியான விடை, பென்சிலில். கையெழுத்துப் போட்டுப் போட்டு எனக்குக் கை கழுவ வேண்டும்போல இருந்தது. கழுவினேன்.

பிப்ரவரி 6, வியாழன்

முதல்வர் அறையில் கூட்டம். அடுத்த மாதம் அங்கீகாரக் குழு வருகிறது. ‘தொழில்துறை எதிர்பார்ப்புக்கும் நம் பாடத்திட்டத்துக்கும் உள்ள இடைவெளி’ என்று ஓர் அறிக்கை வேண்டுமாம். தயாரிக்கும் பொறுப்பு என் தலையில்.

“சிம்பிளா மூணு கட்டம் போட்டுருங்க மேடம். அவங்க என்ன கேக்குறாங்க, நாம என்ன சொல்லிக்குடுக்குறோம், இடைவெளி என்ன. அவ்வளவுதான்” என்றார் முதல்வர்.

கூட்டம் முடியும்போது, போகிறபோக்கில் இன்னொன்றும் சொன்னார். ஜூனிலிருந்து எங்கள் துறையில் ஒரு பயிற்சி நிறுவனத்து ஆட்களே வந்து பாடம் எடுப்பார்கள். இருக்கிற பதினோரு பேரில் ஆறு பேர் தேவைப்படாது. யார் யார் என்று தாளாளர் முடிவு செய்வார். தாளாளர் முன்பு பருத்தி அரவை ஆலை வைத்திருந்தவர். அங்கேயும் இப்படித்தான் பிரித்திருப்பார், கொட்டை ஒரு பக்கம், பஞ்சு ஒரு பக்கம்.

வெளியே வந்ததும் பிளேஸ்மென்ட் ஆபீசர் ஆல்பர்ட் கூடவே நடந்து வந்தார். மாணவர்களுக்கு வேலை வாங்கித் தருவதுதான் அவர் வேலை. வாயில் எப்போதும் ஏலக்காய். “யார் பேரு இருக்கணும், யார் பேரு இருக்கக்கூடாதுன்னு என்கிட்டயும் கேப்பாங்க மேடம்” என்றார். எதற்குச் சொல்கிறார் என்று நான் கேட்கவில்லை. ஏலக்காய் வாசனை வீடு வரை வந்தது.

பிப்ரவரி 11, செவ்வாய்

அறிக்கைக்காக நாள் முழுக்கப் போன். மதுரைக் கம்பெனி ஒன்றில் ஓர் அம்மா நன்றாகப் பேசினார். “உங்க பிள்ளைங்களுக்கு ஏஐ எல்லாம் அப்புறம் இருக்கட்டும் மேடம். ஒரு மெயிலைப் படிச்சுப் புரிஞ்சுக்கிட்டு, திருப்பி நாலு வரி எழுதணும். ஒரு தப்பு வந்தா அது எதனால வந்துச்சுன்னு தானாத் தேடிப் பாக்கணும். அது போதும், மீதிய நாங்க சொல்லித்தந்துக்குவோம்.”

பழைய மாணவர்களுக்கும் போட்டேன். மூன்று வருடம் முன்பு படித்த ஒருவன் பெங்களூரில் இருக்கிறான். “ஏஐ ஃபீல்டுலதான் மேம் இருக்கேன்” என்றான். என்ன வேலை என்று கேட்டேன். ரோட்டுப் படங்கள் வருமாம். ஆட்டோவைச் சுற்றி ஒரு கட்டம், மாட்டைச் சுற்றி ஒரு கட்டம், மனுஷனைச் சுற்றி ஒரு கட்டம் போட வேண்டும். ஒரு நாளைக்கு எண்ணூறு படம். நான்கு வருடம் பென்சிலால் கட்டம் போட்டுப் பழகியது வீண் போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அவனிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 12, புதன்

அறிக்கையைப் படித்துவிட்டு முதல்வர், இடைவெளிக் கட்டத்தில் ‘இல்லை’ என்று போடச் சொன்னார். போட்டேன். பதினெட்டு ‘இல்லை’.

பிப்ரவரி 19, புதன்

ஆல்பர்ட் கூப்பிட்டார். அவர் அறையில் நாகஜோதி உட்கார்ந்திருந்தாள். கடைசி வருடம். பந்தல்குடிப் பக்கம், அப்பா கிடை ஆடு வைத்திருக்கிறார். வீட்டிலேயே முதலில் கல்லூரிக்கு வந்தவள். வருகைப்பதிவு முழுசாக இருக்கும். ரெக்கார்டு நோட்டு அச்சடித்த மாதிரி இருக்கும். ஒரு புரோகிராமை அவளாக எழுதச் சொன்னால் அழுதுவிடுவாள்.

நாளை ஒரு சென்னைக் கம்பெனியின் ஆன்லைன் இன்டர்வியூ. இந்த வருடம் கூப்பிட்ட ஒரே நல்ல கம்பெனி. மருத்துவமனைகளுக்கான தரவு வேலை. இவளும் இன்னும் இரண்டு பெண்களும் எப்படியோ எழுத்துத் தேர்வைத் தாண்டிவிட்டார்கள். எப்படி என்று கேட்கத் தேவையில்லை.

“பொண்ணு முன்னாடி உக்காரும். நீங்க பீரோவுக்குப் பின்னாடி இருந்து மைக்ல பேசுங்க. அது வாயை அசைக்கும். வேற காலேஜ்ல எல்லாம் இதுக்கு ஆளே வச்சிருக்காங்க மேடம்” என்றார் ஆல்பர்ட்.

 இதை எழுதவே அருவருப்பாக இருக்கிறது. முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “அந்த லிஸ்ட் விஷயமா தாளாளர்கிட்டப் பேசிருக்கேன் மேடம்” என்றார். நாகஜோதி தலை நிமிரவில்லை. துப்பட்டா நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

மாலை நாலரை வரை அவளுக்கு வாயசைக்கப் பயிற்சி. ஆல்பர்ட்தான் கொடுத்தார், கண்ணாடி ஒன்றை முன்னால் வைத்து. “பல்லு தெரியாமப் பேசும்மா. முடிக்கும்போது லேசாச் சிரி.” நான்கு வருடத்தில் இந்தக் கல்லூரி ஒரு பிள்ளைக்கு ஒழுங்காகப் பயிற்சி கொடுத்தது இன்றைக்குத்தான்.

பிப்ரவரி 20, வியாழன்

ஐம்பத்து மூன்று நிமிடம். பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. முன்னால் சின்னத் திரை ஒன்று, கேள்வி கேட்பவரைப் பார்க்க. அவர் நாற்பது வயதுக்காரர், கண்ணாடி போட்டவர், அவசரப்படாதவர். பாடப்புத்தகத்திலிருந்து ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தரவு பாதி காணாமல் போயிருந்தால் என்ன செய்வீர்கள், ஏன் அப்படிச் செய்வீர்கள், அது தவறாகப் போனால் எப்படித் தெரியும் என்று கேட்டார். பதினோரு வருடத்தில் என்னிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை.

ஏதாவது சொந்தமாகச் செய்திருக்கிறீர்களா என்றார். நம் ஊர் மருந்து மொத்தக் கடைக்கு நான் செய்து கொடுத்ததைச் சொன்னேன். எந்த மாதம் எந்த மருந்து எவ்வளவு போகும் என்று பழைய பில்களை வைத்துக் கணிக்கும் வேலை. நான்கு வருடமாக வீட்டில் உட்கார்ந்து நானாகப் படித்து, நானாகச் செய்தது. மழை பெய்தால் எந்தச் சிரப் முதலில் தீரும் என்பதுவரை சொன்னேன். அவர் நிறையக் குறுக்குக் கேள்வி கேட்டார். எல்லாவற்றுக்கும் சொன்னேன்.

“எக்ஸலண்ட்” என்றார். இரண்டு தடவை.

நாகஜோதியிடம்தான் சொன்னார். அது எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்தேன். அருவருப்பு போகவில்லை. நாளை மாலைக்கும் மறுநாளைக்கும் மற்ற இரண்டு பெண்கள், கேள்வி கேட்பவர்களும் வேறு வேறு ஆட்களாம். இன்னும் கொஞ்சம் படித்துவிட்டுப் போக வேண்டும்.

பிப்ரவரி 28, வெள்ளி

மூன்று பேருக்கும் வேலை. வாசலில் ஃப்ளெக்ஸ் கட்டிவிட்டார்கள். தாளாளர் படம் பெரிதாக, மூன்று பெண்கள் படம் சிறிதாக. ‘தொழில்துறையின் தேவையை அறிந்த கல்லூரி’ என்று மேலே எழுதியிருக்கிறது. நாகஜோதியின் அப்பா வந்திருந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. என்னைப் பார்த்துக் கும்பிட்டார். “எல்லாம் நீங்க சொல்லிக்குடுத்ததுதானாம்ல தாயி. பாப்பா சொல்லுச்சு” என்றார். நான் பாத்ரூம் போய்விட்டு வந்தேன்.

மார்ச் 5, புதன்

மாவு அரைக்கும் கிரைண்டர் நின்றுவிட்டது. பெல்ட் அறுந்திருக்கிறது. வீட்டுக்காரர் மின்வாரியத்தில் இருக்கிறார், ஊர் முழுக்க ஃப்யூஸ் போடுவார், வீட்டில் ஒரு பல்ப் மாற்றப் பத்து நாள்.

அவரிடம் அந்த இன்டர்வியூ பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். யார் பேசியது என்று சொல்லவில்லை. கேள்விகளை மட்டும் சொன்னேன். “உனக்குத்தான் எல்லாம் தெரியுதே. நீ போக வேண்டியதுதான ஈஸ்வரி?” என்றார். போகாமல் இருந்தேனா. நான்கு வருடம் முன்பே இருபது கம்பெனிக்கு எழுதினேன். ஒருவன்தான் பதில் போட்டான். ‘தங்களுக்கு இத்துறையில் பணி அனுபவம் இல்லை.’ பதினோரு வருடம் இதே துறைக்குப் பாடம் எடுக்கிறேன். அது அனுபவம் இல்லை. சரிதான், நான் எடுக்கும் பாடத்தைப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றும்.

மார்ச் 14, வெள்ளி

அங்கீகாரக் குழு வந்தது. கிடா விருந்து மாதிரி சாப்பாடு. லேபில் நாற்பது கம்ப்யூட்டர்களும் எரிந்தன, இரவல் வாங்கிய பதினெட்டையும் சேர்த்து. என் அறிக்கையை ஒருவர் புரட்டினார். இடைவெளிக் கட்டத்தைப் பார்த்து “வெரி குட்” என்றார்.

மார்ச் 17, திங்கள்

நாகஜோதியை மட்டும் கடைசி செமஸ்டரிலேயே கூப்பிட்டுக்கொண்டார்கள், சென்னையில் சேர்ந்து ஒரு வாரம் ஆகிறது. மத்தியானம் போன். ஆபீஸ் மாடிப்படியில் நின்று பேசினாள். “ஒரு ஃபைல் குடுத்துருக்காங்க மேம். எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியல. நாலு மணிக்குள்ள கேக்குறாங்க.” அனுப்பச் சொன்னேன். ஒரு மருத்துவமனையின் ஓபி பதிவுகள். ஒரே ஆளுக்கு நான்கு விதமாகப் பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் சேர்த்து ஒழுங்கு பண்ண வேண்டும். லேபில் உட்கார்ந்து செய்தேன். இரண்டாம் வருடப் பிள்ளைகள் பக்கத்தில் ரெக்கார்டு எழுதிக்கொண்டிருந்தார்கள். மூன்றரைக்கு அனுப்பினேன்.

ஒரு தடவைதான். பாவம் என்று.

மார்ச் 26, புதன்

இன்று ஒன்பதாவது தடவை. தினம் பதினொன்றுக்கு அனுப்புகிறாள், மூன்றுக்கு நான் திருப்பி அனுப்புகிறேன். இது என்ன கேவலம் என்று எனக்கே தெரிகிறது. சம்பளம் அவளுக்கு, நாற்காலி அவளுக்கு, ஏசி அவளுக்கு. மூன்றாம் வருட வகுப்புக்கு இரண்டு நாள் தாமதமாகப் போனேன், ஒருநாள் போகவே இல்லை. போயிருந்தாலும் என்ன, இருபது வருடப் பழைய பாடம்.

நேற்று அனுப்பியதில் அவர்கள் கேட்காத ஒன்றையும் செய்து வைத்தேன். எந்தக் கிழமையில் எந்த டாக்டருக்குக் கூட்டம் கூடுகிறது என்ற கணிப்பு. இன்று நாகஜோதி சொன்னாள், “டீம் லீட் எல்லார் முன்னாடியும் கைதட்டச் சொன்னாரு மேம். எனக்குப் பயமா இருக்கு. இப்படி எல்லாம் செய்யாதீங்க மேம்.”

யார் யார் கைதட்டினார்கள் என்று கேட்டேன். எத்தனை பேர் என்றும் கேட்டேன். சும்மாதான்.

ஏப்ரல் 2, புதன்

நாகஜோதியை அனுப்பிவிட்டார்கள்.

டீம் லீட் அவளைக் கூப்பிட்டு, அந்தக் கூட்டக் கணிப்பில் ஒரு சின்ன மாற்றம் செய்யச் சொல்லியிருக்கிறார், அவர் முன்னாலேயே உட்கார்ந்து. பத்து நிமிட வேலை. “நான் உக்காந்தே இருந்தேன் மேம். மவுஸை மட்டும் அசைச்சுக்கிட்டே இருந்தேன். அவரு திட்டக்கூட இல்ல. தண்ணி குடிக்கிறியாம்மான்னாரு” என்றாள். இன்டர்வியூவில் பேசியது யார் என்றும் கேட்டிருக்கிறார்கள். “உங்க பேரைச் சொல்லல மேம். நான்தான் பேசினேன், இப்ப மறந்துருச்சுன்னு சொன்னேன்.” மற்ற இரண்டு பெண்களும் இன்னும் சேரவே இல்லை. அவர்களையும் இன்று போனில் கூப்பிட்டு விசாரித்துவிட்டு, வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம்.

எனக்குக் கோபம்தான் வந்தது. மூன்று வாரம் அங்கே உட்கார்ந்திருந்தாளே, நான் அனுப்பியதைத் திறந்து பார்த்து ஒரு வரியாவது கற்றுக்கொண்டிருக்கக் கூடாதா. அப்படியே கேட்டும் விட்டேன்.

“நீங்க செஞ்சு அனுப்புனதுக்குப் பதிலா எனக்குச் சொல்லிக் குடுத்துருக்கலாம்ல மேம்” என்றாள்.

நேரம் ஏது. நான்கு மணிக்குள் கேட்டார்கள்.

சாயங்காலம் சொக்கநாதர் கோயிலுக்குப் போய்விட்டு வந்தேன். என் பெயரைச் சொல்லவில்லை என்பதற்காக இல்லை. போய் நாளாயிற்று, அதனால்.

ஏப்ரல் 9, புதன்

பட்டியல் வந்துவிட்டது. ஆறு பேரில் நான் மூன்றாவது. மே 31 கடைசி நாள்.

ஆல்பர்ட் ஏலக்காயை மென்றுகொண்டே, “நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன் மேடம்” என்றார். அவர் முகத்தில் காறித் துப்பியிருக்க வேண்டும். “பரவாயில்ல சார்” என்றேன். அந்த ‘சார்’தான் இப்போதுவரை நாக்கில் கசக்கிறது.

வாசலில் ஃப்ளெக்ஸ் அப்படியே இருக்கிறது. மூன்று பெண்களும் சிரிக்கிறார்கள், பல் தெரியாமல்.

ஏப்ரல் 15, செவ்வாய்

பதினாலு கம்பெனிக்கு எழுதிப் போட்டேன். நேற்று வருடப்பிறப்பு, பாயசம் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். பன்னிரண்டு கம்பெனிகளில் வயதையும் அனுபவத்தையும் போட்டவுடனே பக்கம் மூடிக்கொள்கிறது. ஒன்று இன்னும் பதில் சொல்லவில்லை. மீதம் ஒன்றில் மட்டும் யார் வேண்டுமானாலும் தேர்வு எழுதலாம், வயது கேட்கவில்லை, இடைவெளி கேட்கவில்லை, எந்தக் கல்லூரி என்றும் கேட்கவில்லை.

அந்தச் சென்னைக் கம்பெனிதான்.

யோசித்துப் பார்த்தேன். ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் பேசுவார்கள், குரலையா நினைவு வைத்திருக்கப் போகிறார்கள். அதுவும் இது கல்லூரி முடிக்கும் பிள்ளைகளுக்கான வேலை இல்லை, கேட்பவர் வேறு ஆளாக இருப்பார். அவர்கள் வேலை என்னவென்று எனக்குத் தெரியும். செய்தும் இருக்கிறேன். அதில் என்னைவிடப் பொருத்தமானவள் இந்த மாவட்டத்திலேயே கிடையாது. இதை டைரியில்தான் எழுத முடியும்.

ஏப்ரல் 19, சனி

பயோடேட்டா பிரின்ட் எடுக்கப் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். கம்ப்யூட்டர் முன்னால் நாகஜோதி. பத்து நாளாக அங்கேதான் வேலையாம். சாதிச் சான்றிதழ், முதியோர் பென்ஷன், பட்டா மாறுதல் என்று வாசல்வரை கூட்டம். ஓர் ஆயாவின் ஆதாரில் பிறந்த தேதி தப்பாக இருந்தது. எந்தப் பக்கம் போய், எதை ஏற்றி, எப்படித் திருத்துவது என்று இவள் மளமளவென்று செய்தாள். ஒரு தப்பு வந்தது. நின்று படித்தாள், இன்னொரு வழியாகப் போனாள், சரியாயிற்று. மதுரை அம்மா போனில் கேட்டது இதைத்தான். எங்கே கற்றாய் என்று கேட்டேன். “கடைக்காரண்ணன் ரெண்டு நாள் பக்கத்துல உக்கார வச்சுச் செய்யவிட்டாரு மேம்” என்றாள். நான்கு வருடமும் இரண்டு நாளும். 

என் தாளை அச்செடுக்கும்போது கண் ஓட்டினாள். “மருந்துக்கடை ப்ராஜெக்ட்… இது நான் இன்டர்வியூல சொன்னதுதான மேம்?” என்றாள். குத்தலாக இல்லை. நிஜமாகவே அவளுக்கு அப்படித்தான் நினைவு இருக்கிறது. “இதைப் போடாதீங்க மேம். அங்க எல்லாருக்கும் தெரியும்” என்றாள்.

அது என்னுடையது. வேறு என்ன இருக்கிறது என்னிடம் போட? எடுக்கவில்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

எழுத்துத் தேர்வில் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு. என் பெயரில். வீட்டுக்காரர் ஜிலேபி வாங்கி வந்தார். கிரைண்டருக்கு பெல்ட்டும் மாற்றிவிட்டார். வியாழன் காலை பதினொன்றுக்கு இன்டர்வியூ.

ஏப்ரல் 24, வியாழன்

பத்தரைக்கே நீலச் சேலை கட்டி உட்கார்ந்துவிட்டேன். படுக்கையறையில், ஜன்னலுக்கு எதிரே. கட்டில் மேல் இருந்த துணிமூட்டையைத் திரையில் தெரியாதபடி நகர்த்தினேன். வீட்டு இணையம் காலையிலிருந்தே இல்லை, ரோட்டில் எங்கோ தோண்டி அறுத்துவிட்டார்கள். போனை வைத்து இணைத்தேன். அது இழுத்து இழுத்து வந்தது.

திரையில் இரண்டு பேர். ஓர் இளம்பெண், மனிதவளம். இன்னொருவர் கண்ணாடி போட்டவர், அவசரப்படாதவர். அவரேதான்.

லேப்டாப்பை மூடிவிடலாமா என்று நினைத்தேன். ஆனால் அவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை. ஆங்கிலத்தில் வணக்கம் சொன்னார், கேள்வி கேட்டார். ஐந்து நிமிடத்தில் எனக்குப் பயம் போய்விட்டது. பீரோ இல்லை, சுவர் இல்லை, என் முகத்தோடு நான் பேசுகிறேன். தரவு பற்றிக் கேட்டார், சொன்னேன். அவர் சொன்ன வழியில் ஒரு தவறு வரும் என்று திருத்தினேன். அதை அவர் ஒத்துக்கொண்டு குறித்துக்கொண்டார். இருபது நிமிடம் போயிருக்கும். இப்படி ஒரு இருபது நிமிடம் எனக்கு வாய்த்ததே இல்லை.

பிறகு சொந்தமாகச் செய்தது பற்றிக் கேட்டார். மருந்துக்கடையைச் சொன்னேன். சிரப் வரைக்கும் வந்தபோது அந்தப் பெண் அவர் பக்கம் திரும்பினாள். அவர் தலையை லேசாக ஆட்டினார்.

“ஒரு நிமிஷம் மேடம். கண்ணை மூடிக்கிட்டுப் பதில் சொல்றீங்களா?” தமிழுக்கு வந்துவிட்டார்.

மூடினேன். சொன்னேன். காதைக் காட்டச் சொன்னார். முடியை ஒதுக்கி இரண்டு காதையும் காட்டினேன், முப்பத்தெட்டு வயதில், பள்ளிக்கூடத்தில் பேன் பார்ப்பதற்குக் காட்டுவதுபோல. லேப்டாப்பைத் தூக்கி அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னார். கட்டில், துணிமூட்டை, பீரோ, அரிசி டின் எல்லாம் காட்டினேன். “கதவுக்குப் பின்னாடி?” காட்டினேன். என் உள்பாவாடை தொங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள்.

“இங்க யாரும் இல்ல சார்” என்றேன்.

“ரூம்ல இருக்கணும்னு அவசியம் இல்ல மேடம். வேற இடத்துல இருந்தும் பேசலாம். உங்க உதடு ஒரு பக்கம் போகுது, குரல் ரெண்டு செகண்டு கழிச்சு வருது.”

“நெட் ஸ்லோ சார். போன்ல போட்டிருக்கேன்.”

“இருக்கலாம். ஆனா இந்தக் குரல் எங்ககிட்ட இருக்கே” என்றார். “பிப்ரவரியில உங்க காலேஜ்ல இருந்து மூணு பொண்ணுங்க. மூணு பேருக்கும் இதே குரல், இதே மருந்துக்கடை. எல்லா இன்டர்வியூவையும் நாங்க பதிஞ்சு வைப்போம். இப்ப அதே காலேஜ் லெக்சரர் நீங்க, உங்களுக்கும் அதே குரல். யாரு மேடம் அவங்க?”

அந்த மூன்று பேருக்கும் பேசியது நான்தான் என்று சொன்னால் நான் ஏமாற்றுக்காரி. சொல்லாவிட்டால் வாயசைப்பவள். இரண்டில் எது என்று முடிவு செய்ய எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை, உண்மையையே சொன்னேன்.

“நான்தான் சார். என் குரல்தான் அது.”

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, களைத்த சிரிப்பு. “அந்த மூணு பொண்ணுங்களும் இதையேதான் சொன்னாங்க மேடம். வார்த்தை மாறாம.”

பிறகு அவர் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால், சுவரில் எங்கோ பார்த்தார். மரியாதையாக, நிதானமாக, ஒரு பெரிய மனுஷியிடம் பேசுவதுபோலப் பேசினார்.

“பின்னாடி இருந்து பேசுறவங்களுக்குச் சொல்றேன். நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது. இத்தனை வருஷத்துல இவ்வளவு தெளிவா யோசிக்கிற ஆளை நான் அதிகம் பாத்ததில்ல. எங்களுக்கு உங்களை மாதிரி ஆள்தான் தேவை, தேடிக்கிட்டே இருக்கோம். இப்படி ஒண்ணும் தெரியாதவங்களுக்கு எல்லாம் எதுக்குங்க குரல் குடுத்துக்கிட்டு? உங்க பேர்ல, உங்க முகத்தோட ஒரு தடவை அப்ளை பண்ணுங்க. நிச்சயமா எடுத்துக்குவோம்.”

திரையின் மூலையில் என் முகம் தெரிந்தது. வாய் பாதி திறந்து அப்படியே நின்றிருந்தது.

“தேங்க்யூ சார்” என்றேன். அதையும் அவர் பின்னால் இருப்பவள் சொன்னதாகத்தான் எடுத்துக்கொண்டார்.